கேட்டில் நிற்கும் அங்கிள்களுக்கு

சுங்குவார்சத்திரம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை கம்பெனி வாசல்களில் காவல் நிற்கும், படையில் காயம்பட்டுத் திரும்பிய முன்னாள் வீரர்களுக்கு ஒரு திறந்த மடல்.



போன மாதம் ஒரு மத்தியானம் உங்களில் ஒருவர் என் கடைக்கு வந்தார். வாலாஜாபாத் ரோடு திரும்புகிற இடத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நைட் டூட்டி முடித்துவிட்டு, யூனிஃபார்ம் பேன்ட்டும் வேறு சட்டையுமாக வந்திருந்தார். வலது கையில் மூன்று விரல்தான் இருந்தது. பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருந்த டிஸ்சார்ஜ் புக்கை மேஜை மேல் வைத்தார். "ஏம்மா, நான் இ.எம்.இ-ல லேத் ஓட்டினவன். ஊர்ல ஒரு ஷெட் இருக்கு. இந்த புக்கை வச்சு கவர்மென்ட் ஆர்டர் ஏதாச்சும் கிடைக்குமா?" என்று கேட்டார். கடையில் கூட்டம். "அதுக்குன்னு ஒண்ணும் இல்லை அங்கிள்" என்று சொல்லிவிட்டேன். அவர் புத்தகத்தை மறுபடியும் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை. அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னபோது, "அவனுக்கு நீ முழுசாச் சொல்லியிருக்கணும்" என்றார். அந்த அங்கிளின் பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூர் சென்டரில் அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் பழைய ஆட்கள் போனில் அப்பாவைத் தம்பி என்றே அழைக்கிறார்கள். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்த பிறகு ஆபரேஷன் பராக்கிரம் என்று எல்லைக்குப் படையை நகர்த்தினார்களே, அப்போது ராஜஸ்தான் பக்கம் கண்ணிவெடி புதைக்கும் வேலையில் இருந்தார். அதில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அப்போது எனக்கு ஆறு வயது. புனேயில் 1944-லிருந்து நடக்கும் செயற்கைக்கால் மையத்தில் கால் போட்டுக்கொண்டு வந்தவர், அடுத்த ஆறு வருடம் உங்களைப் போலத்தான், ஒரு கம்பெனி கேட்டில் நின்றார்.

கேட்டில் நிற்பது என்றால் என்ன என்று எனக்கு அவருடைய சாக்ஸ்தான் சொல்லிக் கொடுத்தது. வெட்டுப்பட்ட கால் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. நிற்க நிற்க வற்றும். செயற்கைக்கால் லூஸாகும். காலையில் ஒரு ஸ்டம்ப் சாக்ஸ் போட்டுக்கொண்டு போவார். மத்தியானம் இரண்டாவது, சாயங்காலம் மூன்றாவது. பன்னிரண்டு மணி நேர டூட்டி முடிந்து வந்து கழற்றினால் கடைசி சாக்ஸில் ரத்தக்கறை இருக்கும். அம்மா அதை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு எதுவும் பேசாமல் சாப்பாடு போடுவாள். உங்கள் வீடுகளில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு அப்பா மரப்பெட்டித் தொழிலுக்கு வந்தார். மொளச்சூர் பக்கம் ஒரு தகர ஷெட். பைன் பலகை, ரப்பர் மரச் சட்டம், ரீப்பர், ஆணி, மூன்று ஆட்கள். கம்பெனிகளுக்குப் பேலட்டும் பேக்கிங் பெட்டியும் அடித்துக் கொடுக்கிறார். ஏற்றுமதிக்குப் போகும் பெட்டி என்றால் மரத்தின் உள்பாகம்வரை 56 டிகிரி சூடு அரை மணி நேரம் ஏறியிருக்க வேண்டும், பிறகுதான் முத்திரை. அந்த ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு வெளியே அனுப்பி வாங்குகிறோம். உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை பாதி இருக்கிறது. அப்பா இப்போது ஒரு நாளைக்கு இரண்டு சாக்ஸோடு சமாளிக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மத்திய அரசு 2012-ல் சிறுதொழில்களுக்காக ஒரு கொள்முதல் ஆணை போட்டது. மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடம் முழுக்க வாங்கும் பொருளிலும் சேவையிலும் இத்தனை சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. முதலில் 20 சதவீதம். 2018 நவம்பரில் 25 ஆக்கினார்கள். அந்த 25-க்குள் தலித், பழங்குடி முதலாளிகளின் நிறுவனங்களுக்கு 4 சதவீதம் முதலிலிருந்தே இருக்கிறது. பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம் 2018-ல் சேர்ந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். ஆயிரம் பெட்டிக்கு டெண்டர். பெரிய கம்பெனி ஒன்று பெட்டிக்கு ஆயிரம் ரூபாய் போட்டு, எல்லோரையும்விடக் குறைந்த விலை என்பதால் 'எல்-1' ஆகிறது. நீங்கள் 1,150-க்குள் போட்டிருந்தால் உங்களைக் கூப்பிட்டு, "ஆயிரத்துக்குத் தருகிறாயா?" என்று கேட்க வேண்டும். சம்மதித்தால் ஆயிரத்தில் 250 பெட்டிக்கான ஆர்டர் உங்கள் பக்கத்துக்கு வரும். டெண்டர் படிவத்துக்குக் காசு கிடையாது. முன்வைப்புத் தொகையான இ.எம்.டி. கட்ட வேண்டியதில்லை. இது போக 358 பொருட்களைச் சிறுதொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த 358-ஐ நான் முதல்முறை பிரின்ட் எடுத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டிய நாள் நினைவிருக்கிறது. கடைசிப் பக்கங்களில் மரச் சாமான்கள் வரும். பேக்கிங் பெட்டி எல்லா அளவிலும் என்று ஒரு வரி. அதற்கு அருகிலேயே மர வெடிமருந்துப் பெட்டி என்று ஒரு வரி. அப்பா என்னை நிறுத்தி, "திரும்பப் படி" என்றார். படித்தேன். இரண்டு கையையும் தோள் அகலத்துக்கு விரித்து, பெட்டியின் நீளத்தைக் காற்றில் அளந்து காட்டினார். கயிற்றுக் கைப்பிடி எங்கே வரும், மூடி எந்தப் பக்கம் திறக்கும், ஈரம் ஏறினால் எந்த மூலை முதலில் விடும், எல்லாம் சொன்னார். அதைச் சுமந்து மணலில் நடந்த மனிதர் அவர். அந்தப் பெட்டியைச் சிறுதொழிலுக்கு என்று ஒதுக்கிய அரசு, அதைச் சுமந்தவனுக்கு என்று அந்த ஆணையில் ஒரு வரியும் எழுதவில்லை.

சிறுதொழில்களைப் பதியும் உத்யம் பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. தொழில்முனைவர் மாற்றுத்திறனாளியா? ஆம், இல்லை. என் கடையில் எத்தனையோ முறை அந்த 'ஆம்'-ஐ அழுத்தியிருக்கிறேன். பெண் என்று அழுத்தினால் அதற்குப் பின்னால் 3 சதவீதம் இருக்கிறது. தலித் என்று அழுத்தினால் 4 சதவீதம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி என்ற 'ஆம்'-க்குப் பின்னால் கொள்முதல் ஆணையில் எதுவும் இல்லை. முன்னாள் படைவீரருக்கும் இல்லை. இரண்டும் சேர்ந்த உங்களுக்கும் இல்லை. அன்று அந்த அங்கிளுக்கு நான் சொன்ன "ஒண்ணும் இல்லை"யின் முழுப்பொருள் இதுதான்.

அரசு உங்களுக்கு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. டெல்லியில் மறுவாழ்வுக்கென்றே ஒரு இயக்குநரகம் இருக்கிறது, டி.ஜி.ஆர். என்றால் உங்களுக்குத் தெரியும். செக்யூரிட்டி ஏஜென்சிகளை அங்கே பட்டியலில் சேர்க்கிறார்கள். பெட்ரோல் பங்கில், கேஸ் ஏஜென்சியில் படைவீரர் பிரிவு என்று வெகுகாலம் ஒதுக்கீடு இருந்து வந்திருக்கிறது. நம் மாநிலத்தில் முன்னாள் படைவீரர்களுக்குக் காவல் வேலை வாங்கித் தரும் டெக்ஸ்கோவை 1986-ல் தொடங்கினார்கள். எத்தனையோ குடும்பம் அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை உங்களை எங்கே நிறுத்துகின்றன என்று பாருங்கள். வாசலில் நிறுத்துகின்றன. அல்லது ரசீது வாங்குகிறவராக உட்கார வைக்கின்றன. நிலக்கரி டிப்பர் திட்டம் என்று ஒன்று உண்டு. காயம்பட்ட வீரரோ, வீரரான கணவரை இழந்த பெண்ணோ 85,000 ரூபாய் கட்டினால், நிலக்கரி ஏற்றும் முன்னாள் படைவீரர் கம்பெனியிலிருந்து மாதம் 3,000 ரூபாய் ஐந்து வருடத்துக்கு வரும். முடிவில் கட்டிய பணம் திரும்பும். வயதான ஒருவருக்கு இது நல்ல உதவி. முப்பத்தைந்து வயதில் காலையோ விரலையோ இழந்து, கையில் தொழிலோடு வருகிறவருக்கு இது போதுமா? அவர் அந்த டிப்பரைக் கண்ணாலும் பார்க்கப் போவதில்லை.

அமெரிக்காவில் வேறு மாதிரி யோசித்தார்கள். பணியில் காயம்பட்ட வீரர் சொந்தமாக நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு மத்திய அரசின் ஒப்பந்தங்களில் 3 சதவீதம் போக வேண்டும் என்று 1999-ல் சட்டத்தில் இலக்கு வைத்தார்கள். இலக்கு காகிதத்தில் மட்டும் இருந்ததால் 2003-ல் சில டெண்டர்களை அவர்களுக்கு என்றே ஒதுக்கி வைக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள். அப்படியும் முன்னாள் வீரர் நலத்துறையே நழுவிக்கொண்டிருந்தது. கிங்டம்வேர் டெக்னாலஜீஸ் என்ற சின்ன கம்பெனி, காயம்பட்ட வீரர் ஒருவருடையது, கோர்ட்டுக்குப் போனது. 2016 ஜூனில் உச்சநீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: நியாயமான விலையில் தரக்கூடிய வீரர் நிறுவனங்கள் குறைந்தது இரண்டு இருக்கும் என்றால், அந்தத் துறை அவர்களுக்குள்தான் டெண்டர் விட வேண்டும், இலக்கை எட்டிவிட்டோம் என்று சாக்கு சொல்ல முடியாது. பிறகு 3 சதவீதத்தை 5 ஆக்கிவிட்டார்கள். இருபத்தைந்து வருடம் கேட்டுக் கேட்டு வந்தது இது. ஒரே நாளில் எவரும் கொடுத்துவிடவில்லை.

இங்கேதான் நான் தயங்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்பாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

கேட் வேலையை விட்ட புதிதில் அப்பாவைத் தேடி ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஸ்வீட் பாக்ஸ். "சார், உங்க பேர்ல ஒரு ஃபர்ம் போடலாம். எக்ஸ்-சர்வீஸ்மேன் ஃபர்ம்னா செக்யூரிட்டி கான்ட்ராக்ட் ஈசியா வரும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், கையெழுத்து மட்டும் போடுங்க. மாசம் எட்டாயிரம் வீட்டுக்கு வந்துடும்." அப்பாவுக்குக் காலில் புண் ஆறாமல் இருந்த நேரம். செக் புக் முழுவதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏறக்குறைய ஒன்றரை வருடம் எட்டாயிரம் வந்தது. பிறகு நின்றது. அந்த ஆளின் போனும் நின்றது.

நான்கு மாதம் கழித்து பி.எஃப். அலுவலகத்திலிருந்து 7ஏ நோட்டீஸ் வந்தது. ஃபர்மின் உரிமையாளர் என்று அப்பா பெயர். நாற்பத்து மூன்று காவலாளிகளிடம் பிடித்த பி.எஃப். பணத்தை அந்த ஆள் கட்டவே இல்லை. நோட்டீஸோடு பெயர்ப் பட்டியல் இணைத்திருந்தார்கள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். நடுவில் விரல் நின்றது. அந்தப் பெயர் அவருடைய ரெஜிமென்ட் ஆள். தன் பெயரை வைத்துத் தன்னுடன் மண்ணில் படுத்தவனின் கூலியைத் திருடியிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. காலை இழந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வாலாஜாபாத்தில் அம்மா பெயரில் இருந்த மனையை விற்றுத்தான் அந்தப் பாக்கியை அடைத்தோம். அப்பாவுக்குச் சட்டத்தை வக்கீலோ வேறு யாருமோ எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

உங்களில் எத்தனை பேரிடம் அப்படி ஸ்வீட் பாக்ஸோடு ஆள் வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இனியும் வருவான். உங்களுக்கு என்று ஒரு சதவீதம் ஆணையில் ஏறினால், மறுநாள் காலை பத்துப் பேர் வருவார்கள். அமெரிக்காவிலும் அதுதான் நடந்தது. வீரரை வாடகைக்கு எடுப்பது என்றே அதற்கு அங்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கான்சாஸ் சிட்டியில் ஒரு கூட்டம், முன்னாள் வீரர்களைப் பெயரளவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, 30 கோடி டாலருக்கும் மேலான அரசு ஒப்பந்தங்களை அள்ளிக்கொண்டு போய், பிறகு கோர்ட்டில் நின்றது. அந்தப் பணம் உண்மையில் தொழில் நடத்தும் வீரர்களுக்குப் போயிருக்க வேண்டியது. இப்படி அடிபட்ட பிறகுதான், நானே வீரர் நிறுவனம் என்று சொந்த வாயால் சொல்லிக்கொள்வதை நிறுத்தி, அரசே சரிபார்த்துச் சான்று கொடுக்கும் முறைக்கு வந்தார்கள். குறைந்தது 51 சதவீதம் வீரர் கையில் இருக்க வேண்டும். தினசரி முடிவுகளை அவரே எடுக்க வேண்டும். வாங்கிய ஆர்டரை அப்படியே இன்னொருவனுக்குத் தள்ளிவிட முடியாது.

அதனால் கொள்முதல் ஆணையில் நமக்கென்று கேட்கப்போகும் பங்கை இந்தப் பூட்டோடு சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பூட்டு இல்லாத சலுகை நம் வீட்டு வாசலுக்குத் திருடனைக் கூட்டி வரும்.

சரி, எவ்வளவு கேட்பது? நான் ஒரு சதவீதம் என்கிறேன். காயம்பட்ட வீரர்களுக்கும், போரில் கணவரை இழந்த பெண்களுக்கும் சேர்த்து. 'இவ்வளவுதானா?' என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். இன்றைக்கு நம்மில் பொருள் செய்து கொடுக்கும் யூனிட் வைத்திருப்பவர் கொஞ்சம் பேர். ஆள் இல்லாத இடத்தில் ஐந்து சதவீதம் வைத்தால் அந்த இடத்தைப் போலிகள்தான் நிரப்புவார்கள். ஒன்றை நேர்மையாக நிரப்பிக் காட்டினால் இரண்டைக் கேட்க வாய் வரும்.

இன்னொன்று. அந்த ஒரு சதவீதம் 25-ல் எஞ்சியிருக்கும் 18-லிருந்து வர வேண்டும். தலித்துகளின் 4-ஐயும் பெண்களின் 3-ஐயும் தொடக்கூடாது. நாம் அனுப்பப்போகும் மனுவில் அந்த வரி இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். நம் பட்டாளத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் யார் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

"பென்ஷன் வாங்குகிறார்களே, டெண்டரிலும் பங்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பென்ஷன் இழந்த காலுக்கும் கண்ணுக்கும் ஈடு. தொழில் நடத்தும் உரிமை வேறு. முப்பது வயதில் மெடிக்கல் போர்டு வைத்து வெளியே அனுப்பப்பட்டவருக்கு முன்னால் இன்னும் முப்பது வருட உழைப்பு இருக்கிறது. 2022-ல் அக்னிபத் வந்த பிறகு கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. அதில் சேரும் பையன்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நான்கு வருடத்துக்குப் பிறகு தொடர முடியும். மற்றவர்கள் பென்ஷன் இல்லாமல் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் வெளியே வருவார்கள். அவர்களில் காயத்தோடு வருகிறவனுக்கு ஒரு தொகை கிடைக்கும். தொகை தீர்ந்த பிறகு? அவனும் இந்த கேட்டுக்குத்தான் வருவான், நீங்கள் நிற்கிற இடத்துக்கு.

யார் காயம்பட்டவர் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ராணுவ மெடிக்கல் போர்டில் 20 சதவீதம் என்று போட்டாலும் அது பணியால் வந்தது என்றால் டிஸேபிலிட்டி பென்ஷனுக்கு வழி இருக்கிறது. ஆனால் சிவில் பக்கம் மாற்றுத்திறனாளிச் சலுகைகளுக்கு 40 வேண்டும். பீரங்கிப் படையில் இருந்து காது மந்தமாகி வந்த ஒருவர், ராணுவக் காகிதத்தில் ஊனமுற்றவர், கலெக்டர் ஆபீஸ் காகிதத்தில் இல்லை. ஆணையில் வரப்போகும் வரி எந்தக் காகிதத்தைக் கேட்கும் என்பதில்தான் உங்களில் பாதிப் பேர் உள்ளேயா வெளியேயா என்பது இருக்கிறது. ராணுவ போர்டின் காகிதம் போதும் என்று எழுத வைக்க வேண்டும்.

இதற்கு நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2012 ஆணை, 2006-ம் வருடத்து எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் 11-வது பிரிவின் கீழ் வந்தது. பெண்களுக்கான 3 சதவீதத்தைச் சேர்த்ததும் ஒரு திருத்த ஆணைதான். ஒரு பக்கம், இரண்டு பக்கம் அரசிதழில் வந்தால் போதும். நம் பகுதிக்கு இது கைக்கெட்டும் தூரத்துச் செய்தி. ஆவடியில் டாங்கிகள் செய்யும் தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து ஏ.வி.என்.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. இந்த ஆணை அதைக் கட்டும். சென்னையையும் ஓசூரையும் கோவையையும் சேலத்தையும் திருச்சியையும் இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019 ஜனவரியில் திருச்சியில் விழா எடுத்தார்கள். படைக்கு வேண்டியதைச் செய்யப்போகும் அந்த வழித்தடத்தில், படையிலிருந்து வந்தவன் செய்த ஒரு போல்ட்டாவது இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா?

ஹைவேயில் எதிரே தெரிகிற பெரிய தனியார் கம்பெனிகளை இந்த ஆணை கட்டாது. அவர்களிடம் நம் தரத்தையும் விலையையும் வைத்துத்தான் பேச வேண்டும். மாநில அரசின் கொள்முதலுக்கும் இது பொருந்தாது. அதற்குச் சென்னையில் தனியாகக் கேட்க வேண்டும்.

மத்திய ஆணையில் நமக்கான அந்த வரி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். இருப்பதைச் சொல்கிறேன். லேத் போட நினைத்த அங்கிள் இதைப் படித்தால் முக்கியமாக அவருக்கு.

முதலில் உத்யம் பதிவு. அது இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும். அரசாங்கக் கட்டணம் என்று யாராவது உங்களிடம் ஆயிரம், இரண்டாயிரம் வாங்கியிருந்தால் அது ஏமாற்று. பொருள் செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் கொள்முதல் சலுகை. வாங்கி விற்கும் வியாபாரிக்குக் கிடையாது, அதைப் பதியும்போதே சரியாகக் குறிக்க வேண்டும். உத்யம் இருந்தாலே, வீரர் என்ற தனிப் பங்கு இல்லாவிட்டாலும், பொதுவான சிறுதொழில் சலுகை முழுவதும் உங்களுக்கு உண்டு. இ.எம்.டி. விலக்கு, அந்த 15 சதவீத விலை வாய்ப்பு, 358 பொருள் பட்டியல், எல்லாம். பிறகு ஜெம் தளத்தில் விற்பனையாளராகப் பதிய வேண்டும். இன்று மத்திய அரசு பெரும்பாலும் அங்கேதான் வாங்குகிறது.

மூலதனத்துக்கு, 2024 சுதந்திர தினத்தில் முதலமைச்சர் அறிவித்த காக்கும் கரங்கள் திட்டம் இருக்கிறது. முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். காஞ்சிபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கடன் உங்கள் பெயரில் வரும்போது மெஷினும் உங்கள் பெயரில், உங்கள் ஷெட்டில் இருக்க வேண்டும். "மானியத்தை எடுத்துத் தருகிறேன், பாதி எனக்கு" என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள்.

இடத்துக்கும் ஒரு பிடி உண்டு. 2016-ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு, தொழிலுக்கும் உற்பத்தி மையத்துக்கும் சலுகை விலையில் அரசு நிலம் ஒதுக்கும்போது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்கிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கிற இதை நம் பகுதியில் யாரும் பிரிவு எண் போட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்போம்.

சரக்குப் போட்டுவிட்டுப் பணத்துக்கு அலையாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதற்குள் தராவிட்டால் வட்டியோடு கேட்கச் சட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு சரக்குப் போடுவதற்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். பலர் இதில்தான் தோற்றுப்போகிறார்கள்.

மனுவை எழுதிவிட்டேன். எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்துக்கு ஒன்று, முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு ஒன்று, நம் எம்.பி.க்கு ஒன்று. தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. ஒரு சதவீதம், அது எதிலிருந்து வர வேண்டும், எந்தக் காகிதம் போதும், 51 சதவீத உரிமை, சரிபார்ப்பு, பாதி வேலையாவது சொந்தப் பட்டறையில் நடக்க வேண்டும் என்ற நிபந்தனை, எல்லாம் அதில் இருக்கிறது. பெயரும் படை எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன். அப்பா முதல் ஆளாகப் போட்டுவிட்டார்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடையைக் காலை ஆறு மணிக்கே திறந்து விடுகிறேன், நைட் டூட்டி முடித்து வருகிறவர்களுக்காக. ராத்திரி பத்து மணி ஷிப்ட் மாறும்வரை இருப்பேன். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., மெடிக்கல் போர்டு காகிதம், ஆதார், பான் கார்டு எடுத்து வாருங்கள். அன்று உத்யம் பதிவுக்கு நான் காசு வாங்கப் போவதில்லை. உட்கார நாற்காலி இருக்கிறது. காலைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரலாம், எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். மூன்று விரல் கொண்ட அந்த அங்கிளை உங்களில் யாருக்காவது தெரிந்தால், அவரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள்.

உங்கள் தோழரின் மகள்,
சுங்குவார்சத்திரம்